எல்லாத் திசையிலும் ஒலிக்கும் ஸ்பீக்கர்: வீட்டு ஹோலில் எங்கே வைப்பது, எந்த அம்பில் ஓட்டுவது

முன்பக்கம் மட்டும் ஒலிக்கும் பெட்டிகளுக்குப் பழகிய வீட்டில், எல்லாத் திசையிலும் ஒலிக்கும் ஸ்பீக்கரைப் பூட்டியதும் இரண்டு முறைப்பாடுகள் வரும். பாடுகிறவரின் சொல் கலங்கலாய்க் கேட்கிறது என்பது ஒன்று. சத்தத்தைக் கூட்டினால் அம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஒலிபெருக்கிச் செட்) கொதித்து நின்றுவிடுகிறது என்பது மற்றது. முதலாவது, வைத்த இடத்தாலும் வெறும் சீமெந்துச் சுவராலும் வருவது. இரண்டாவது, கணக்குப் பார்க்காமல் அம்ப் எடுத்ததால் வருவது. ஸ்பீக்கரில் பிழை இருப்பது மிகக் குறைவு. இடத்தையும் அறையையும் முதலில் சரிசெய்துவிட்டு அம்புக்கு வாருங்கள். கலங்கலை எந்த விலையுயர்ந்த அம்பும் தீர்க்காது.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். வூஃபர் (தாழ் சுரங்களைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) மேல்நோக்கி இருக்க, அதற்கு மேலே ஒரு கூம்பு தலைகீழாய் நின்று ஒலியைச் சுற்றிவரத் திருப்புவது ஒரு வகை. ஜேர்மனியின் டூவெல் பெட்டிகள் இப்படிப்பட்டவை. ஒரே நீளக் கூம்பு செங்குத்தாய் நின்று தன் வெளிப்பக்கத்தால் ஒலிப்பது இன்னொன்று. அமெரிக்கப் பொறியியலாளர் லிங்கன் வால்ஷின் முறை இது. ஓம் நிறுவனம் 1970களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் பல மாதிரிகளில் ட்வீட்டர் (உயர் சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மட்டும் ஒரு பக்கம் பார்த்திருக்கும். அப்படியானால் இடது பெட்டி, வலது பெட்டி என்று வேறுபாடு உண்டு. மாற்றி வைத்தால் உயர் சுரம் சுவரைப் பார்த்துப் போய்விடும். 1968இல் வந்த போஸ் 901 போன்றவை வேறு. முன்னால் ஒன்றும் பின்னால் எட்டும் என்று ஸ்பீக்கர் கொண்ட அந்தப் பெட்டி பின்சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒலியை நம்பியது. சுவரிலிருந்து விலகிப் போகச் சொல்லும் கீழ்வரும் அளவுகள் அதற்குப் பொருந்தா.

அறை ஏன் இவ்வளவு பேசுகிறது

காதுக்கு நேரே வரும் ஒலியும், சுவர், நிலம், கூரையில் பட்டு வரும் ஒலியும் சம அளவாகும் தூரம் ஒன்று ஒவ்வொரு அறையிலும் உண்டு. 12 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரமான ஹோலில், எதிரொலி அடங்க ஒரு செக்கன் எடுக்கிறது என்று வையுங்கள். எல்லாத் திசை ஸ்பீக்கருக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். முன்நோக்கிய பெட்டிக்கு, நடுத்தர, உயர் சுரங்களில், அது ஒரு மீற்றர் அளவுக்குப் போகும். ஆக, எட்டு அடி தள்ளிக் கதிரையில் இருப்பவர் கேட்பதில் பெரும்பங்கு அறையில் பட்டு வந்த ஒலி. அறை கெட்டதென்றால் ஒலியும் கெட்டது.

இலங்கையின் வன்னியில் 2010க்குப் பிறகு எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லில் கட்டி, பூசி, நிலத்துக்கும் சீமெந்து இழுத்தவை. ஒலியைக் குடிக்கும் பொருள் அங்கே எதுவும் இல்லை. யன்னல்களைச் சாத்தி, கதிரை மேசை எதுவும் இல்லாமல் கணக்குப் பார்த்தால், மேலே சொன்ன ஹோலில் எதிரொலி அடங்க மூன்று செக்கனுக்கு மேல் வரும். கோவில் மண்டபத்துக்கு அது சரி, வீட்டுக்குச் சரிவராது.

நல்ல செய்தி, எங்கள் வீடுகளில் யன்னலும் கதவும் திறந்துதான் கிடக்கும். திறந்த யன்னலுக்குள்ளால் போன ஒலி திரும்பி வராது. அதனால் ஒரு சதுர மீற்றர் திறப்பு, ஒரு சதுர மீற்றர் முழுமையான உறிஞ்சிக்குச் சமம். நாலடிக்கு நாலடி யன்னல் இரண்டையும் ஒரு கதவையும் திறந்தால் ஐந்து சதுர மீற்றர் கிடைக்கிறது. மூன்று செக்கன் அந்த ஒன்றாலேயே ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு இறங்கும். செலவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்கச் சுவரில் திறந்த யன்னலும் மறுபக்கத்தில் வெறுஞ்சுவரும் இருந்தால் ஒலி ஒரு பக்கம் சாயும். அந்த வெறுஞ்சுவரில் துணி தொங்கவிட வேண்டும்.

மீதியை வீட்டுப் பொருட்களால் இறக்கலாம். நாலு அங்குலத் தும்பு மெத்தை மிக நல்லது. தென்னந்தும்பு உயர் சுரங்களை நன்றாக உறிஞ்சும். தடிப்பு கூடக் கூட நடுச் சுரங்களையும் பிடிக்கும். பகலில் மெத்தையைச் சுவரில் நிமிர்த்திச் சாத்துகிற வீடுகளில், அதை ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள மூலையில் இரண்டு மூன்று அங்குலம் சுவரிலிருந்து விலத்திச் சாத்துங்கள். அந்த இடைவெளி இருந்தால் இன்னும் கொஞ்சம் தாழ்ந்த சுரங்களையும் மெத்தை உறிஞ்சும். அறுவடை முடிந்த காலத்தில் ஹோலில் நெல்லு மூட்டை அடுக்குகிற வீடு என்றால், அந்த அடுக்கை ஒரு மூலையோடு வைப்பது நல்ல பயன் தரும். நிலத்தில் பாய் விரிப்பதைவிடத் தடித்த சாக்கு விரிப்பு மேல். யன்னல் சேலையை யன்னல் அகலத்தைவிட இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு விழத் தொங்கவிட வேண்டும். இழுத்துக் கட்டிய மெல்லிய துணி ஒன்றும் செய்யாது.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய, ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று கம்பி அதிர்வது போன்ற வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர் இரண்டும் வெறுமையாய் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் துணியோ, புத்தக அலுமாரியோ வேண்டும். வால் அரைச் செக்கனுக்குள் அடங்கினால் போதும். அதற்கு மேலும் உறிஞ்சிகளை அடுக்காதீர்கள். இந்த ஸ்பீக்கரின் அழகே சுற்றியிருந்து வரும் அந்த ஒலிதான். அதைக் கொன்றால் மங்கிப் போன ஒரு சாதாரணப் பெட்டி மிஞ்சும்.

சுவரிலிருந்து மூன்றடி

ஸ்பீக்கரின் பின்னால் போகும் ஒலி சுவரில் பட்டு முன்னால் வரும்போது, நேரொலியோடு மோதிச் சில சுரங்களைத் தின்றுவிடும். எங்கள் ஊர் வெக்கையில் ஒலியின் வேகத்தைச் செக்கனுக்கு 350 மீற்றர் என்று எடுக்கலாம். சுவரிலிருந்து ஒரு அடியில் வைத்தால் முதல் பள்ளம் 290 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 290 அதிர்வு) அளவில் விழும். ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடம் அது. சாதாரணப் பெட்டியில் இந்தக் கோளாறு தாழ் சுரத்தோடு நின்றுவிடும், ஏனெனில் உயர் சுரங்கள் பின்னால் போவதில்லை. எல்லாத் திசைப் பெட்டியில் உயர் சுரமும் அதே பலத்தோடு பின்னால் போகிறது. அதனால் பள்ளங்கள் அடுக்கடுக்காக மேலே வரை நீளும். சொல் தெளிவில்லாமல் போவதன் முதற் காரணம் இதுதான்.

தெறிப்பு நேரொலிக்கு 5 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வந்தால், காது அதை நிறம் மாறிய குரலாகக் கேட்பது குறையும். அறையின் விரிவாகக் கேட்கத் தொடங்கும். மூன்றடி தூரத்துக்கு ஒலி போய்த் திரும்ப ஆறடி. அதுவே 5 மில்லிசெக்கன். எனவே எந்தச் சுவருக்கும் மூன்றடி என்பது குறைந்த அளவு. நாலடி கிடைத்தால் விடாதீர்கள். அளவை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து எடுங்கள், பெட்டியின் முதுகிலிருந்து எடுக்காதீர்கள்.

12க்கு 15 அடி ஹோலில் தொடங்க வேண்டிய அளவுகள் இவை. 12 அடிச் சுவர் உங்கள் முன்னால் இருக்கட்டும். அந்தச் சுவரிலிருந்து இரண்டு ஸ்பீக்கரும் நாலடி. பக்கச் சுவர்களிலிருந்து ஒவ்வொன்றும் மூன்றடி. அப்போது இரண்டுக்கும் இடையில் ஆறடி வரும். நீங்கள் இருக்கும் கதிரை, பின்சுவரிலிருந்து ஐந்தடி முன்னால். ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரின் தூரமும் பக்கச் சுவர்த் தூரமும் சமமாக இருக்கக் கூடாது. சமமானால் இரண்டு சுவரின் பள்ளமும் ஒரே சுரத்தில் விழுந்து ஆழமாகிவிடும். நாலடியில் 72 ஹேர்ட்ஸ், மூன்றடியில் 96 ஹேர்ட்ஸ் என்று பிரிந்து விழுந்தால் காது பொறுத்துக்கொள்ளும்.

கதிரையைப் பின்சுவரோடு ஒட்டி வைப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். அங்கே பேஸ் வீங்கிக் கிடக்கும். 15 அடி நீளத்தில் 38 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அறை தானாகக் கும்முகிறது, அது சுவரோரம்தான் உச்சம். சரி நடுவில் இருந்தால் அதே 38 ஹேர்ட்ஸ் காணாமற் போகும். மூன்றிலொரு பங்கில் இருப்பதே நல்ல இடம். ஆட்கள் நடமாட வழி வேண்டுமென்றால், பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் கதிரையை முன்னுக்கு இழுக்க நிலத்தில் ஒரு சோக்குக் கோடு போட்டு வையுங்கள்.

ஒரு முழம் நூலை உச்சந்தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிடித்துப் பார்க்க முடியாது. நீளமான சணல் நூல் எடுங்கள். கதிரையின் முதுகு நடுவில் ஒரு ஆணியளவு குறி, அங்கிருந்து இரண்டு ஸ்பீக்கரின் நடுவுக்கும் தூரம் அரை அங்குலத்துக்குள் சமமாக வேண்டும். முன்நோக்கிய பெட்டிகளைப் போல இவற்றை உள்ளே திருப்பி வைக்கும் வேலை இல்லை. அதனால் தூரம் ஒன்றே நடுவில் நிற்கும் குரலைத் தீர்மானிக்கிறது.

ஸ்பீக்கரைச் சுற்றி இரண்டடிக்குள் ஒன்றும் நிற்கக் கூடாது. கண்ணாடி அலுமாரி, ரிவி, குளிரூட்டிப் பெட்டி, சுவாமி படத்தட்டின் நீட்டிய விளிம்பு எல்லாமே கண்ணாடி மாதிரி ஒலியைத் தெறிக்கவிடும். ரிவிக்கு இரண்டு பக்கமும் ஒட்டி வைப்பதுதான் அதிகம் காணும் பிழை. ரிவியைச் சுவரில் மாட்டிவிட்டு ஸ்பீக்கரை நாலடி முன்னே கொண்டு வாருங்கள்.

பத்தடிக்குப் பத்தடி அறைதான் இருக்கிறது என்றால் மூன்றடி விதியை முழுக்கக் காக்க முடியாது. இரண்டடிக்கு இறங்கி, ஸ்பீக்கரின் நேர் பின்னாலும் பக்கத்திலும் உள்ள சுவரில் நாலடி உயரத்துக்குத் தும்பு மெத்தைத் துண்டு மாட்டுங்கள். அல்லது அறையை மூலைவிட்டமாகப் பாவியுங்கள்: ஒரு மூலை உங்களுக்கு முன்னால், ஸ்பீக்கர் இரண்டும் இரண்டு சுவரோரம், நீங்கள் எதிர் மூலைப் பக்கம். பக்கச் சுவர்த் தெறிப்பு காதுக்கு நேரே வராமல் விலகிப் போகும்.

உயரமும் கூரையும்

கூம்பு வைத்த வகையில் ஒலி சுற்றிவரப் பரந்தாலும் மேலும் கீழும் அவ்வளவு பரவாது. கூம்பின் நடு, இருப்பவரின் காது உயரத்துக்கு ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கதிரையில் இருப்பவரின் காது நிலத்திலிருந்து 40 முதல் 44 அங்குலம். பாயில் இருந்து கேட்கிற வீட்டில் 26 முதல் 28 அங்குலம். இரண்டுக்குமான ஒரே உயரம் கிடையாது. வீட்டில் எப்படி அதிகம் இருக்கிறீர்களோ அதற்கு அமையுங்கள்.

தாங்கிக்கு நன்றாகக் காய்ந்த பனங்குற்றி நல்ல பொருள். பாரம், அசையாது. ஓடாவியிடம் இரண்டு முனையும் மட்டமாக அறுப்பித்து, அடிக்குக் கறையான் மருந்து பூசி, மேலே பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய நாலு துண்டு றப்பர் வையுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பவர்கள் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் அதே றப்பரை வைத்தால் கல் கிறீச்சிடாது. சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் குற்றியோடு பெட்டியை ஒரு பட்டியால் கட்டிவிடுங்கள்.

உட்கூரை அடிக்காத ஓட்டு வீடு இந்த ஸ்பீக்கருக்கு நல்லது. சரிவான கூரை மேலே போன ஒலியை நேரே திருப்பாமல் சிதறடிக்கும். ஓட்டு இடுக்குகளால் கொஞ்சம் வெளியேறியும் போகும். மட்டமான பலகை உட்கூரை எட்டடி உயரத்தில் இருந்தால், ஸ்பீக்கருக்கு நேர் மேலே மூன்றடிக்கு மூன்றடி சாக்குத் துணியை இரண்டாய் மடித்து ஆணியடியுங்கள்.

தகரமும் சீற்றும் அதிரும். கைத்தொலைபேசியில் தொனி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, 30 ஹேர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்தச் சுரத்தில் எது கடகடக்கிறது என்று ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் தளர்ந்த கூரைப் போல்ட், யன்னல் கண்ணாடி, அலுமாரிக் கதவு. போல்ட்டுக்குப் புது றப்பர் வளையம், கண்ணாடிக்கு ஓரத்தில் ரியூப் கீலம். இதைச் செய்யாமல் ‘ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு’ என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

பழைய பெட்டியைத் திருப்புதல்

எல்லாத் திசை ஸ்பீக்கர் வாங்க முடியாதவர்கள், ஐந்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பழைய பெட்டி இரண்டை வைத்து அதே வகையைச் செய்து பார்க்கலாம். பெட்டியை முதுகில் படுக்கவைத்து, ஸ்பீக்கர் வானத்தைப் பார்க்க நிறுத்துங்கள். பின்முகத்தில் வயர் முனை இருந்தால் கீழே ஒரு அங்குலக் கட்டைகள் கொடுத்து உயர்த்துங்கள். மேலே கூம்பு, நுனி கீழ்நோக்க.

கூம்பின் கோணம் முக்கியம். நுனிக்கோணம் 90 பாகையாக இருந்தால் மேலே வரும் ஒலி கிடையாகத் திரும்பும். ஆறு அங்குல விட்டத்துக்கு மூன்று அங்குல உயரம் என்பது அந்த அளவு. குசினிப் புனல் சரிவராது. அதன் நுனி ஒடுங்கலாய், 60 பாகை அளவில் இருப்பதால், ஒலி கிடைக்கு மேலே 30 பாகை சாய்ந்து கூரைக்குப் போய்விடும். தடித்த கடதாசியில் அச்சுச் சுருட்டி, ஒன்றுக்கு இரண்டு என்று சீமெந்தும் அரித்த மணலும் வார்த்து, ஏழு நாள் ஈரம் காத்து, அரத்தாளால் தேய்த்து எடுக்கலாம். ஈரமாக இருக்கும்போதே மூன்று 6 மில்லிமீற்றர் மரைக்கம்பியைச் சுற்றிவரச் சம இடைவெளியில் நாட்டுங்கள். கூம்பு ஒரு கிலோவுக்கு மேல் வரலாம். கம்பி மூன்றும் பெட்டியின் பலகையில் நட்டும் வாஷரும் போட்டு இறுக வேண்டும், பசை நம்பக் கூடாது.

நுனிக்கும் ஸ்பீக்கரின் நடு மூடிக்கும் முக்கால் அங்குலம் விடுங்கள். குறைந்தால் பலமான பேஸில் முட்டும். கூடினால் ஒலி கூம்பில் படாமல் மேலே தப்பும். ட்வீட்டர் தனியாக உள்ள பெட்டி என்றால் கூம்பை ட்வீட்டருக்கு நேர் மேலே வையுங்கள். ஆறு அங்குலக் கூம்பு 2300 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் நன்றாக வேலை செய்யும்; அதற்குக் கீழே ஐந்து அங்குல வூஃபர் தானாகவே அகலமாகப் பரப்பிவிடும். உயர் சுரம் சுற்றிவரப் பங்கிடப்படுவதால் கதிரையில் அது மூன்று நாலு டெசிபெல் (சத்தத்தின் அளவு) குறைவாகக் கேட்கும். ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்ற வேண்டி வரும்.

அம்ப்: வாட்டைக் கணக்குப் பார்த்து எடுங்கள்

பெட்டியின் பின்னால் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று ஓம் (மின் தடை), மற்றது உணர்திறன் டெசிபெல் (1 வாட் கொடுத்தால் ஒரு மீற்றரில் வரும் சத்தம்). எல்லாத் திசைப் பெட்டிகள் பல 82 முதல் 87 டெசிபெல் வரைதான் தரும். திருவிழாவுக்குக் கட்டும் கொம்பு ஸ்பீக்கர் 100ஐத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பசி என்று விளங்கும். இன்னொரு கண்ணி: பல நிறுவனங்கள் 2.83 வோல்ட்டுக்கு அளந்து எழுதும். 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். எனவே 4 ஓம் பெட்டியில் 84 என்று எழுதியிருந்தால் 81 என்று கணக்கில் எடுங்கள்.

எட்டு அடியில், இரண்டு பெட்டியும் ஒலிக்க, அறையின் துணையோடு, பெட்டியில் எழுதிய அளவிலிருந்து 3 டெசிபெல் குறைவாகக் காதுக்கு வரும் என்று கொள்ளலாம். அந்த 81 டெசிபெல் பெட்டி 1 வாட்டில் 78 தரும். நல்ல நிறைவாகக் கேட்கச் சராசரி 78 போதும். ஆனால் தவில் ஒரு அடி விழும்போது சராசரியைவிட 15 முதல் 18 டெசிபெல் மேலே பாயும். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் வாட் இரண்டு மடங்கு. 18 டெசிபெலுக்கு 64 மடங்கு. அந்த நொடிக்கு 64 வாட் வேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும். சராசரிக்கு 1 வாட், அடிக்கு 64 வாட். சின்ன அம்ப் அந்த அடியில்தான் ஒலி அலையின் தலையை வெட்டி உயர் சுரக் குப்பையைக் கொட்டும். ட்வீட்டர் எரிவது பெரும்பாலும் அப்படித்தான், கூடிய வாட்டால் அல்ல.

பெட்டியில் ‘பிஎம்பிஓ 3000 வாட்’ என்று விளம்பரத்துக்காக அச்சடித்ததைப் பார்க்க வேண்டாம். பின்னாலுள்ள கரண்ட் சீட்டைப் பாருங்கள். 60 வாட் மட்டும் இழுக்கும் செட் 60 வாட்டுக்கு மேல் தொடர்ந்து ஒலிக்கு ஒருபோதும் தராது.

இப்போது மலிவாகக் கிடைக்கும் டி வகுப்பு (குறைவாகச் சூடாகும் வகை) அம்பின் மின்சுற்றுப் பலகைகளில் ரிபிஏ 3116 சில்லு உள்ளது, 21 வோல்ட் கொடுத்தால் 4 ஓமில் பக்கத்துக்கு 50 வாட் என்று சொல்லப்படும். அது 10 சதவீதத் திரிபோடு. சுத்தமாக 35 முதல் 40 வாட் என்று எடுங்கள். சின்ன அறைக்கும், 86 டெசிபெலுக்கு மேற்பட்ட பெட்டிக்கும் போதும். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட், 90 வாட் சார்ஜரில் ஓடும். மேலே கணக்குப் பார்த்த பசியுள்ள பெட்டிக்கு ரிபிஏ 3255 சில்லுப் பலகையும் 48 வோல்ட், 5 அம்பியர் மின் வழங்கியும் எடுங்கள். 4 ஓமில் 100 வாட்டை அது சிரமமில்லாமல் தரும்.

பலகை வாங்கும்போது பெரிய கொண்டென்சரில் எழுதிய வோல்ட்டைப் பாருங்கள். 24 வோல்ட்டுக்கு 25 வோல்ட் கொண்டென்சர் போட்டு விற்கிறார்கள். எங்கள் வெக்கையில் அது வீங்கும். 35 வோல்ட், 1000 மைக்ரோஃபரட் அல்லது அதற்கு மேல் மாற்றுங்கள். இந்தச் சில்லுகளில் ஸ்பீக்கரின் கறுப்பு முனையும் ஓட்டப்படுகிறது. அது நிலம் (ஏர்த்) அல்ல. இரண்டு பெட்டியின் கறுப்பையும் ஒன்றாய் முறுக்கினால், அல்லது பெட்டியின் உலோக உடலில் பட்டால், பலகை போய்விடும். நாலு வயரும் தனித்தனி.

சோலரில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 12 வோல்ட் பற்றரியில் 3116 பலகை 4 ஓமில் பக்கத்துக்கு 15 வாட் அளவு தரும், 8 ஓமில் அதில் பாதி. சராசரியாக அரை அம்பியர்தான் இழுக்கும் என்பதால் 40 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதியைச் செலவிட்டாலும் நாற்பது மணித்தியாலம் ஓடும். 24 வோல்ட் சோலரில் நேரே கொடுக்காதீர்கள். வெயில் உச்சத்தில் சார்ஜ் ஆகும்போது பற்றரி முனையில் 28 வோல்ட்டுக்கு மேல் ஏறும். அந்தச் சில்லுக்கு 26தான் எல்லை. இடையில் 20 வோல்ட்டுக்கு இறக்கும் பலகை ஒன்று வேண்டும்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய அம்ப் என்றால் பிளக்கை மாற்றிக் குத்தும் முன் பின்சீட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 230இல் அந்த நிமிடமே எரியும். சீட்டில் 300 வாட் என்றால் 500 விஏ இறக்கு ட்ரான்ஸ்ஃபோமர் எடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வருவது நேரே வேலை செய்யும்.

வயருக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம், தடிப்பு மட்டும் பாருங்கள். 4 ஓம் பெட்டிக்கு, ஐந்து மீற்றர் வரை 1.5 சதுர மில்லிமீற்றர், பத்து மீற்றர் என்றால் 2.5. வீட்டு வயறிங்கில் மிஞ்சிய 7/0.67 வயர் 2.5தான், விறைப்பாக இருந்தாலும் ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாய்த் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அடுத்த தடிப்பை எடுக்க வேண்டும்.

சேர்த்தபின் பார்க்க வேண்டியவை

ஒரு பெட்டியின் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டப்பட்டால் பேஸ் காணாமற் போகும். முன்நோக்கிய பெட்டியில் குரல் காற்றில் தொங்குவதால் உடனே பிடிபடும். எல்லாத் திசைப் பெட்டியில் குரல் எப்போதுமே கொஞ்சம் விரிந்திருப்பதால் மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கலாம். இரண்டு பெட்டியையும் அரையடி இடைவெளியில் கொண்டுவந்து, பேஸ் உள்ள பாட்டொன்றைப் போட்டு, ஒன்றின் வயரை மாற்றிக் கேளுங்கள். எந்த இணைப்பில் பேஸ் நிறைகிறதோ அது சரி. வயரை மாற்றும்போது அம்பை நிறுத்துங்கள்.

பிறகு தனிக்குரல், நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சணல் நூலைத் திரும்ப எடுங்கள். குரல் நடுவில் நின்றும் நெஞ்சுக்குள்ளால் பேசுவது போல அடைத்தால் பெட்டிகளை ஆறு அங்குலம் முன்னே இழுங்கள். குரல் மெலிந்து கீச்சென்றால் இரண்டு காரணம்: அறை இன்னும் வெறுமை, அல்லது ட்ரெபிள் கூட. இந்த வகையில் உயர் சுரம் அறை முழுக்கப் பரவுவதால், 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே 2 டெசிபெல் இறக்குவது பெரும்பாலான சீமெந்து வீடுகளுக்குப் பொருந்தும். பேஸ் கும்மும் இடத்தை 40 முதல் 60 ஹேர்ட்ஸுக்குள் தேடி 3 முதல் 6 டெசிபெல் வெட்டுங்கள். பள்ளமாய் இருக்கும் சுரத்தை ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அறை தின்பதை அம்ப் நிரப்ப முடியாது, சூடாவதுதான் மிச்சம்.

இரைச்சல், ‘ம்ம்’ என்று 50 ஹேர்ட்ஸில் வந்தால், ரிவியின் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் இரண்டு வழியால் நிலம் தொட்டிருக்கிறது. ரிவியிலிருந்து ஒலியை ஒப்டிகல் வயரால் எடுங்கள். பிளக்கின் நிலக்கம்பியை வெட்டி இரைச்சலை நிறுத்துவது ஆளைக் கொல்லும் வேலை, செய்யக் கூடாது.

சோளகம் வீசும் மாதங்களில் மேல்நோக்கிய வூஃபரில் புழுதி படியும். பழைய மெல்லிய வேட்டித் துணியைச் சட்டத்தில் இழுத்து மூடி, கேட்கும்போது எடுங்கள். படிந்ததை மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள், வாயால் ஊதினால் ஈரம் படும். பெட்டியின் பேஸ் துளைக்குள் குளவி மண்கூடு கட்டும், பல்லியும் புகும். பேஸ் ஒரு பக்கம் குறைந்தால் முதலில் டோர்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். நுளம்புவலைத் துண்டை இறுக்கிக் கட்டினால் இரண்டும் வராது. அம்பை மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். மேலே நாலு அங்குலம் வெறுமையாய் இருக்க வேண்டும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சின் இடைவெளியை மின்னல் பாய்ந்துவிடும். டிஷ் வயர், இணையப் பெட்டியின் வயர் வழியாகவும் அது வரும் என்பதால் அம்போடு தொடுத்த எல்லா வயரும் கழற்றப்பட வேண்டும்.